முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு நான் சொன்ன பொய்

எண்பத்திரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். ஈப்போவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், முதுகு ஆபரேஷன் முடிந்து மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

நான் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படிப்பு, அப்புறம் அம்மாவோடு நிரைக்கு, அதாவது வெட்டுகிற மர வரிசைக்கு, போய்விட்டேன். மரத்தில் வெட்டு கீழே இறங்க இறங்க நாமும் குனிந்துகொண்டே வெட்டவேண்டும். சேர்ந்த பாலை இரண்டு வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் வைத்து ஸ்டோருக்கு நடக்கவேண்டும். இருபத்தைந்து வருஷம் இதுதான். முதலில் இடுப்பு வலித்தது. பிறகு அந்த வலி பின்தொடை வழியாக இறங்கி இடது கால் சுண்டுவிரல் வரைக்கும் சுள்ளென்று இழுக்க ஆரம்பித்தது. பத்து வருஷம் அந்தக் காலோடு வேலைக்குப் போனேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தோட்டத்தில் நோவுது என்று சொன்னால் சோம்பேறி என்று பேர் வைத்துவிடுவார்கள். காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கிறபோது யாராவது முகத்தைச் சுளித்தால் கங்காணி விடமாட்டார். “என்னாடி, ராத்திரி பூரா மாவு இடிச்சியா?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் யார் எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிப் பழகிவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நிரையில் பெண்களுக்குக் கக்கூஸ் ஏது? சுற்றிலும் ஆம்பிளைகள் மரம் வெட்டுவார்கள். விடியுமுன் வீட்டைவிட்டுப் போனால் மதியம் திரும்பிவரும் வரைக்கும் அடக்கிக்கொள்வோம். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஒதுங்கப் போகிறேன் என்று கேட்டு நிற்காத பெண் நல்ல பெண்.

கடைசியில் ஒருநாள் வாளியோடு விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஈப்போ. முதுகில் ஊசி போட்டு மருந்து ஏற்றி, மேசையைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். நரம்பை எலும்பு நசுக்குகிறது, அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து இரண்டு முள்ளெலும்பையும் ஒன்றாக ஒட்டவைக்கவேண்டும் என்றார் டாக்டர். சின்ன வயது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல தமிழ் பேசுவார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் வேலை இருக்கிறது என்று பஸ் ஏறினார். அவரைக் குறை சொல்லமுடியாது. இரண்டு பஸ் மாறி வரவேண்டும். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது இடது காலில் அந்த வலி இல்லை. பத்து வருஷமாக ஓயாமல் அழுத குழந்தை தூங்கிவிட்ட மாதிரி இருந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். புரட்டவேண்டுமென்றால் மூன்று மிசிகள் வந்து மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒன்றாக உருட்டுவார்கள். நர்ஸை அங்கே மிசி என்றுதான் கூப்பிடுவோம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவி. ஈயம் தோண்டுகிற இடத்தில், தண்ணீரில் குனிந்து நின்று தட்டில் மணலை அலசி ஈயம் பொறுக்குகிற வேலை. வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவளால் தலையை மட்டும்தான் திருப்பமுடியும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நான். பொழுது முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம், எனக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பார்க்க வருகிற நேரம்தான் பெரிய கொடுமை. மணி அடித்ததும் மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். சோற்று வாசனை, பிள்ளைகள் சத்தம். எங்கள் இரண்டு கட்டிலுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். மல்லாந்து கிடக்கிறவள் எந்தப் பக்கம் முகத்தை மறைத்துக்கொள்வது? கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் மூத்திரக் குழாயை எடுத்தார்கள். “வந்தா கூப்பிடு, பேன் வெக்கிறோம்,” என்று மிசி சொன்னாள். பேன் என்றால் படுத்தபடியே மூத்திரம் போக அடியில் வைக்கிற தட்டு. அதை வைக்கவேண்டுமென்றால் மறுபடியும் மூன்று பேர் வந்து, துணியை விலக்கி, தூக்கி... நினைத்தாலே உடம்பு கூசியது. நல்லவேளை, எனக்கு வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தொடைக்கு உள்பக்கமும் உட்காருகிற இடமும் மரத்துப்போன மாதிரி இருந்தது. வலியே இல்லை. நான் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நாள் ஓடுகிறதே என்று.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். பின்னால் ஐந்தாறு பேர். “ஒண்டுக்குப் போனீங்களோ அம்மா?” என்று கேட்டார். மலாயில் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். நம்ம தமிழில், ஒரு ஆம்பிளை, அத்தனை பேர் முன்னால் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. தலையை ஆட்டினேன். போய்விட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். மிசி அட்டையில் எழுதினாள்.

மதியம் வேறொரு மிசி கேட்டாள். முந்தின மிசி பேன் வைத்திருப்பாள் என்று இவள் நினைக்கட்டும் என்று ‘சுடா’ என்றேன். ஆச்சு என்று அர்த்தம். இரண்டாவது பொய்.

சாயங்காலம் மணி அடித்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அடிவயிறு கல்லாகிவிட்டது. கால் விரலை ஆட்டிப் பார்த்தேன். வலது கால்விரல் ஆடியது. இடது ஆடியதா இல்லையா தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. அப்பவும் வாய் வரவில்லை. இவ்வளவு பேர் நடுவில் மிசியைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது? எல்லோரும் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

திடீரென்று டமால் என்று ஒரு சத்தம். சீனக் கிழவி தன் தண்ணீர்க் குவளையைத் தரையில் வீசியடித்திருந்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. என்னைக் கையால் காட்டி அவள் கத்தினாள்:

“மிசி! இனி ஓராங் திப்பு! பெலும் கென்சிங்! பாகி சம்பாய் சக்காராங்!”

இந்த ஆள் பொய் சொல்கிறாள், காலையிலிருந்து இதுவரை மூத்திரமே போகவில்லை என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எதிர்க்கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு ஆம்பிளை எட்டிக்கூடப் பார்த்தான். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. அந்தக் கிழவியை அப்படி வெறுத்தேன்.

மிசி ஓடிவந்து வயிற்றைத் தொட்டாள். உடனே திரையை இழுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். அவர் வந்து ஒரு ஊசியை எடுத்து தொடைக்கு உள்பக்கம் குத்தினார்.

“குத்துறது தெரியுதோ?”

“இல்லைங்க.”

“இப்ப?”

“இல்லைங்க.”

அவர் முகம் மாறியது. “எப்ப இருந்து?” என்றார். காலையிலிருந்து என்றேன். “ஏனம்மா என்னட்ட சொல்லேல்ல?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கட்டி நரம்பை அழுத்துகிறது, உடனே திறந்து எடுக்கவேண்டும் என்றார். வீட்டுக்காரரைக் கூப்பிடத் தோட்டத்து ஆபிசும் பூட்டியிருக்கும் நேரம். அந்தத் தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். படுத்தபடி போட்டதில் எழுத்து மேலே மேலே ஏறிப் போய்விட்டது.

மறுநாள் டாக்டர் சொன்னார், விடியும்வரை விட்டிருந்தால் நடப்பதும் போயிருக்கும், மூத்திரம் மலம் அடக்குவதும் போயிருக்கும் என்று. உணர்ச்சி மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது. நாலு மாதம் மாவுக்கட்டுச் சட்டைக்குள் கிடந்தேன். பிறகு நடந்தேன். இன்றைக்கும் இடது பாதத்தில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு இடம் மரத்துத்தான் இருக்கிறது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து பழைய கட்டிலுக்கே வந்தேன். கிழவி என்னைப் பார்த்துப் பல் இல்லாத வாயால் சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நன்றி கெட்டவள் இல்லை, வெட்கம். வார்டுக்கே தெரிந்துபோன ஒரு விஷயத்தோடு அவள் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. மறுநாள் ஒரு பிஸ்கட்டை மிசியிடம் கொடுத்து எனக்கு அனுப்பினாள். வாங்கிக்கொண்டேன், அவள் பக்கம் திரும்பவில்லை. நாளைக்குப் பேசலாம், மலாயில் நன்றி என்பதற்கு ‘தெரிமா காசே’ என்ற இரண்டு வார்த்தை சொல்வதற்கு என்ன என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் காலையில் என்னைப் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம். எங்கே என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். “ரெண்டு தடவ வெட்டிட்டாங்களாமே? ஒரே பட்டையில அடுத்தடுத்து வெட்டுனா மரம் தாங்காதுலா!” என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது. நான் சிரித்தேன். ஏன் இரண்டாவது தடவை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. இதை முதல் தடவையாக இப்போதுதான் யாருக்கோ சொல்கிறேன்.

இப்போது ஈப்போவிலேயே புந்தோங்கில் இருக்கிறேன். மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறபோது, நம்ம பெண்கள் யாராவது டாக்டரிடம் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். தெரியாதவளிடம் பேச எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான், ஆனாலும் பக்கத்தில் போய், “உள்ள பொய் சொல்லிட்டியா தங்கச்சி? வா, நானும் கூட வாரேன், போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்,” என்று கையைப் பிடித்துவிடுகிறேன்.