பூட்டனார் பால்காரரா, பிட்சரா?

நான் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரருடைய பூட்டனாரின் கல்லறைக் கல் சென்ற பனிக்காலத்தில் வெடித்துவிட்டது. புதுக் கல்லில் பெயருக்குக் கீழே தொழிலையும் பொறிக்க விரும்பினார்கள். பேஸ்பாலில் பந்து வீசும் ‘பிட்சர்’ என்றே போடவேண்டும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ‘பால்காரர்’ என்றார் அவருடைய அக்கா. கல் வெட்டுபவர் திங்கட்கிழமை வரைதான் பொறுப்பாராம்.

நான் திகதிகளில் பிழை விடாதவன் என்று தெருவில் ஒரு பெயர் இருப்பதால் வழக்கு என்னிடம் வந்தது. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். பூட்டனார் சம்பளம் கொடுக்கும் அணியொன்றுக்குப் பந்து வீசியது உண்மை. ஆனால் இரண்டே ஆட்டம். முதலாவதில் தோல்வி. இரண்டாவதில் பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அன்று காற்று பலமாக இருந்ததாக நிருபர் நாகரிகமாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை பால் வண்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்கு அழைத்து இதைச் சொன்னேன். இரண்டு பின்னேரங்களுக்காக ஒருவருடைய முழு உழைப்பையும் மறைப்பதா என்று அக்கா கேட்டார். தம்பி தேநீரைத் தொடவேயில்லை. பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் பூட்டனாரின் பெயரைச் சொல்லித்தான் அவர் அடி வாங்காமல் தப்பியவராம்.

வடை சாப்பிட வந்திருந்த என் ஊர்க்காரர் மாஸ்ரர் என்ன சண்டை என்று விசாரித்தார். தமிழில் விளக்கினேன்.

“நான் ஊரில எவ்வளவு காலம் படிப்பிச்சனான்?” என்று கேட்டார்.

“ஒரு தவணை. மூண்டு மாசம்,” என்றேன்.

“இஞ்ச வந்து முப்பது வருசம் ஹோட்டலில கோப்பை கழுவினனான். ஆராவது என்னைக் கோப்பை கழுவுறவர் எண்டு கூப்பிட்டவையே? என்ர மனிசியே மாஸ்ரர் எண்டுதான் கூப்பிடுறா. அதுவும் கோபம் வந்தால்தான்.”

அதை அக்காவுக்கும் தம்பிக்கும் பிரெஞ்சில் சொன்னேன். மனைவியின் கோபம் வந்த இடத்தில் அக்கா சிரித்துவிட்டார். தம்பி எழுந்துபோய் மாஸ்ரரின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு: பிட்சர் என்று போட்டால் விளையாட்டின் முடிவையும் போடவேண்டும். தம்பி ஒரு வடையைத் தின்று முடிக்கும்வரை யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் காலை கல் வெட்டுபவருக்குத் தொலைபேசி எடுத்தார். பெயருக்குக் கீழே ‘பிட்சர்’, அதன் கீழே சின்ன எழுத்தில் ‘வெற்றி எதுவுமில்லை’. இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அந்த மனிதரை நம்பவைத்தாராம்.