சட்டைக்குள் இருந்ததாகச் சொல்லப்பட்ட பந்து

ஆர்விட் டைக்லண்டின் வண்டி வளைவில் திரும்புவதைக் கண்டால், ஒழுங்காக அளந்து ஊற்றுகிற பெட்ரோல் பங்க்காரர்கள்கூட ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். அவர் மினசோட்டா மாநில அரசின், எடையும் அளவும் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர். ஐந்து காலன் பாத்திரத்தில் பெட்ரோலை நிரப்பி, கழுத்திலுள்ள கண்ணாடிக் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, மூச்சை அடக்கிப் பார்ப்பார். மயிரிழை குறைந்தாலும் பம்பில் சிவப்பு அட்டை தொங்கும். சொந்த மைத்துனனின் தானியக் கிடங்கு எடைமேடைக்கே பூட்டுப் போட்டவர். அந்த வருடம் மைத்துனன் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் அதைச் சண்டை என்று கண்டுபிடிக்க ஓர் ஆண்டாயிற்று. சாதாரணமாகவே யாரும் அதிகம் பேசுவதில்லை.

சனிக்கிழமைகளில் அவர் கோடு போட்ட சட்டை மாட்டிக்கொண்டு சிறு கல்லூரிகளின் ஃபுட்பால் ஆட்டங்களுக்குத் தலைமை நடுவராக நிற்பார். பெயர்தான் கால்பந்து; பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம். அவர் குழுவில் பதினோரு வருடம் ஓரக்கோட்டு நடுவராக ஓடியவன் நான்.

ஏமாற்று ஆட்டம் என்றால் அவருக்கு ஆகாது. பந்தைக் கொடுப்பதுபோல் காட்டிக் கொடுக்காமல் ஓடுவது, விழப்போவதுபோல் குனிந்து நழுவுவது, எல்லாவற்றுக்கும் பதினைந்து கஜம் அபராதம் போட வேண்டும் என்பார். “தராசுத் தட்டுக்கு அடியில ஈயம் ஒட்டினா குத்தம். பந்த ஒளிச்சுவச்சு ஓடினா கைதட்டல். இது எந்த ஊர் நியாயம்?” ஆண்டுதோறும் ஜனவரியில் விதிக்குழுவுக்குப் பதினொரு பக்கக் கடிதம் எழுதுவார். இரண்டு வரியில் நன்றி வரும்.

இதே மனிதர் அக்டோபர் பிறந்தால் இருபத்துநான்கு பிளாஸ்டிக் வாத்துகளை, நிஜ வாத்துகளை வரவழைக்க, ஏரியில் மிதக்கவிட்டு, நாணலுக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்துகொள்வார். “ஏன் ஆர்விட், அந்தப் பிளாஸ்டிக்குக்கு எத்தன கஜம்?” என்று மனைவி மார்லிஸ் ஒருமுறை கேட்டாள். வாத்துகளுக்கு விதிப்புத்தகம் கிடையாது என்று பதில் சொன்னார். கேலி செய்கிறாள் என்பது அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

நடுவர் செய்யக்கூடிய ஆகப்பெரிய பிழை, ஆட்டம் உயிரோடு இருக்கும்போது விசிலை ஊதிவிடுவது. ஊதிய இடத்தில் ஆட்டம் செத்துவிடும். பிறகு யார் எவ்வளவு தூரம் ஓடினாலும் செல்லாது. இருபத்திரண்டு வருடத்தில் ஆர்விட் ஒருமுறைகூட அப்படி ஊதியதில்லை. அறுபதை எட்டப்போகிற அவருக்கு அந்த ஆண்டுதான் கடைசி ஆட்டப் பருவம். நாடளாவிய இறுதிச்சுற்று ஆட்டம் ஒன்றில் நடுவராக நிற்க வேண்டும் என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரே ஆசை. நடுவர் சங்கத்தின் மதிப்பீட்டாளர் கார்டன் ஷ்ரோடர் நவம்பரின் இரண்டாம் சனிக்கிழமை பென்சிலும் தாளுமாகப் பார்வையாளர் மேடையில் வந்து உட்கார்ந்தார். அன்று ஒரு பிழையும் நேராவிட்டால் ஆசை பலித்துவிடும்.

ஹால்வர்சன் கல்லூரி மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம். அதன் பயிற்சியாளர் வெண்டெல் பூர்மா, ஏமாற்று ஆட்டத்துக்கே பிறந்தவர். பந்து பின்னால் வந்ததும் பூர்மாவின் பையன்கள் எல்லோரும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். பின்னால் நின்று பந்தை வாங்கிப் பங்கிடுகிற குவார்ட்டர்பேக் வெறுங்கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்து இருப்பதுபோலவே ஓடினான். எதிரணியில் ஐந்து பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஆர்விட் விசில் ஊதினார்.

பந்து அங்கே இல்லை. இடப்பக்கம், இரண்டு பெருத்த வீரர்களின் முதுகுக்குப் பின்னால் டேட் கைப்பர் என்ற குட்டையான பையன் அதுவரை குந்தியிருந்தான். எழுந்தான். பந்தை மார்போடு வைத்துக்கொண்டு, மளிகைக் கடைக்குப் போகிறவன்போல, கோல் எல்லைக்கு நடந்தே போனான். ஆயிரத்திருநூறு பேர் போட்ட கூச்சலில் விசில் அமுங்கிப்போனது. விதிப்புத்தகத்தில் இந்த ஆட்டத்துக்குத் தடை இல்லை. பந்தைச் சட்டைக்குள் ஒளிப்பதற்குத்தான் தடை.

ஆர்விட் என்னைப் பார்த்தார். நான் அந்த முகத்தை அதற்குமுன் பெட்ரோல் பங்க்காரர்களிடம் மட்டுமே கண்டிருந்தேன்.

“நீ பாத்தியா?” என்றார்.

“நானும் குவார்ட்டர்பேக்கத்தான் பாத்தேன்,” என்றேன். அது உண்மை.

அவர் கை இடுப்புக்குப் போனது. குற்றம் கண்டால் வீசுகிற மஞ்சள் கொடி தரையில் விழுந்தது. பந்தைச் சட்டைக்குள் மறைத்த குற்றம், பதினைந்து கஜம், கோல் செல்லாது. கொடி விழுந்த பிறகு விசிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

டேட் ஓடி வந்தான். “சார், சட்டைக்குள்ள வைக்கல சார். இங்க, இங்கதான் வச்சிருந்தேன்.” மார்பைத் தட்டிக் காட்டினான். நான்காம் ஆண்டு மாணவன். அதுவே அவனுடைய கடைசி ஆட்டம். ஆர்விட் கஜத்தை எண்ணிக்கொண்டு நடந்தார். ஹால்வர்சன் தோற்றது. கல்லூரியின் ஒற்றைக் கேமராவும் மற்றவர்களோடு சேர்ந்து வலப்பக்கம் போயிருந்ததால், பந்து எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

மறுநாள் சர்ச்சில் போதகர், ஒளித்ததைக் காணும் கண்ணைப் பற்றிப் பேசினார். கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது மூன்று பேர் ஆர்விட்டின் கையைக் குலுக்கினார்கள். எங்கள் ஊரில் அது ஊர்வலத்துக்குச் சமம். மைத்துனன்கூடப் பேசினான்.

செவ்வாய்க்கிழமை காலை, நானும் ஆர்விட்டும் முட்டையும் பன்றிக்கறியும் டோஸ்ட்டும் சாப்பிடுகிற உணவகத்துக்கு பூர்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

“முப்பது வருஷமா பசங்களுக்கு ஏமாத்தச் சொல்லிக் குடுக்கறேன் ஆர்விட். இப்படி ஒண்ணு பாத்ததில்லப்பா. விசில் முதல்ல, கொடி அப்புறம். அவ்ளோ கூட்டமும் கொடியத்தான் பாத்துச்சு. எத்தன நாள் பயிற்சி?”

ஆர்விட் ரொட்டியைக் கீழே வைத்தார். “புகார் எழுதலாமே கோச்.”

“நானா? ஏமாந்தவன் வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்ங்கறது என் கட்சி. அபராதம் கேக்கறது உன் கட்சியாச்சே.” பூர்மா என் தட்டிலிருந்து ஒரு துண்டு பன்றிக்கறியை எடுத்துக்கொண்டார். “அந்தக் குட்டப் பையன்தான் பாவம். அவங்கம்மா கேட்டாங்களாம், நெஜமாவே சட்டைக்குள்ள வச்சியாடான்னு.”

அடுத்த திங்கள் மதிய விருந்தோடு சங்கக் கூட்டம். நடுவர்கள், பயிற்சியாளர்கள், பெரிய தட்டில் சுட்டெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ். தலைவர் இரண்டு விஷயங்களை அறிவித்தார்: இறுதிச்சுற்றுக்கு ஆர்விட்டின் பெயர் போகிறது, ஏமாற்று ஆட்டங்களுக்கு அபராதம் கேட்கும் அவருடைய பதினொரு பக்கத்தை, முதன்முறையாக, சங்கமே தன் தீர்மானமாக அனுப்பப்போகிறது.

ஆர்விட் எழுந்தார். பங்க்கில் அறிக்கை வாசிக்கும் குரலிலேயே சொன்னார்: “பந்து சட்டைக்குள்ள இல்ல. எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நான் ஏமாந்து ஊதிட்டேன். அத மறைக்கத்தான் கொடி போட்டேன். என் பேர எடுத்துடுங்க.”

மதிப்பீட்டாளர் ஷ்ரோடர் சிவந்துபோய் எழுந்தார். அவருடைய அறிக்கையில் ஆர்விட்டின் கூர்மைக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தது.

“அப்படில்லாம் இல்ல. நான் மேடையிலிருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன். சட்டைக்குள்ளதான் இருந்துச்சு.”

“கார்டன், அது இல்ல…”

“உக்காரு ஆர்விட். உன் மேலயே நீ இவ்ளோ கறாரா இருக்கக்கூடாது.”

“ஆமாங்க, நானும் பாத்தேன்,” என்றார் எதிரணியின் பயிற்சியாளர். அவருடைய பையன்கள் ஐந்து பேர் வெறுங்கை மனிதன்மேல் விழுந்திருந்தார்கள். அவரும் வேறென்ன சொல்வார்? இந்தக் காலத்தில் இத்தகைய அடக்கம் அரிது என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். தீர்மானத்துக்கு எதிராக இரண்டு கைகள்தான் எழுந்தன: பூர்மாவுடையது, ஆர்விட்டுடையது. என் கை எங்கே இருந்தது என்று கேட்டால், ஆதரித்தவர்களோடு இருந்தது. பக்கத்தில் ஷ்ரோடர் உட்கார்ந்திருந்தார்.

இறுதிச்சுற்றுக்கு ஆர்விட் போகவில்லை. விசிலையும் கொடியையும் உறையில் போட்டுத் தபாலில் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தச் சனிக்கிழமை மைத்துனனின் எடைமேடையை மறுசோதனை செய்தார். இளையவருக்கு வழிவிட்ட பெருந்தன்மை என்று சங்கம் அதையும் எழுதிக்கொண்டது. பிப்ரவரியில் வால்நட் பலகையில் பித்தளைத் தகடு பதித்து ஒரு விருது வந்தது: நேர்மைக்காக.

மார்லிஸ் அதை மாட்ட ஆணி தேடினாள். ஆர்விட் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, பனி வழுக்கும் சாலையில் நாற்பது மைல் ஓட்டி, ஹால்வர்சன் கல்லூரி விடுதிக்குப் போனார். வழித்துணைக்கு நான். டேட் கைப்பர் காலுறையோடு கதவைத் திறந்தான்.

“நீ ஒளிக்கல. நான் ஏமாந்தேன். உங்கம்மாட்ட சொல்லு. வேணும்னா நானே போன்ல சொல்றேன்,” என்று பலகையை நீட்டினார். “இது என்னுது இல்ல.”

பையன் தகட்டைப் படித்தான். அவசரமில்லாமல் இரண்டு தடவை படித்தான்.

“நல்லாத்தான் இருக்கு சார்,” என்றான். “இத எங்க வைக்கட்டும், சட்டைக்குள்ளயா?”

ஆர்விட் அவன் அம்மாவின் எண்ணைக் கேட்டு வாங்கி, முத்திரைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.