பெல்லடோனாவின் முதல் பூ

பெல்லடோனா லில்லி வளர்க்கப்போகிறேன் என்றதும் சுங்கை பூலோ நர்சரிக்காரர் சிரித்துவிட்டார். "அக்கா, அது கோடைல காஞ்சு தூங்கணும். நம்ம ஊர்ல எங்க காயிறது? தெனம் மழைலா. ஹைப்ரிட் எடுத்துக்குங்க, தாங்கும். வாசனைல சொக்கிப் போயிருவீங்க." கேட்பேனா? அசலில் ஒரு கிழங்கு, ஹைப்ரிட்டில் ஒன்று என்று வாங்கிக்கொண்டு கிள்ளானில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வாசனையை ஒருமுறையாவது முகர்ந்துவிட வேண்டும் என்ற பித்து அன்றே தலைக்கேறிவிட்டது.

அசல் கிழங்கின் தொட்டியை மழை படாமல் கார் நிறுத்தும் கூரைக்கடியில் வைத்தேன். இலைகள் வாட வாட, உறங்குகிறது என்று எனக்கு ஒரே குதூகலம். என் கணவருக்கோ மனசு கேட்கவில்லை. காரைக் கழுவும்போதெல்லாம் எனக்குத் தெரியாமல் அதற்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கிழங்கு அழுகிக் கூழானபோது, "பாவம், தாகமா இருக்கும்னு நெனச்சேன்லா" என்றார். நான் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் வாயை மூடிக்கொண்டன.

மிச்சமிருந்த ஹைப்ரிட் அடுத்த வருடம் தடித்த தண்டொன்றை நீட்டி, உச்சியில் கொத்தாக மொட்டு விட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூடவே பயமும் வந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி விடிந்ததும் தட்டோடு வந்து, வேலிக்கு மேல் கைநீட்டி, எங்கள் செம்பருத்தியைச் சாமிக்குப் பறித்துப் போவார். எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் அதைத் திருட்டு என்பதில்லை. "இத மட்டும் தொட்றாதீங்க ஆன்டி" என்று கெஞ்சி வைத்தேன்.

முதல் மொட்டு விரியவேண்டிய காலையில் எழுந்து ஓடினேன். மற்ற மொட்டுகள் அப்படியே இருக்க, அந்த ஒன்று மட்டும் காணோம். "ஆன்டி!" என்று அலறினேன். ஆன்டி தட்டோடு வேலியருகே வந்தார். "நான் தொடலம்மா! ஒன் வீட்டுக்காரர்தான் குளிச்சிட்டு வந்து பறிச்சாரு."

உள்ளே பாய்ந்தேன். முருகன் படத்தின் மேல் என் இளஞ்சிவப்புப் பூ. கீழே, நெற்றி நிறையத் திருநீறோடு என் கணவர்.

"அந்தக் கெழங்க நான்தானே கொன்னேன்? இதாவது பூத்தா மொதப் பூ சாமிக்குன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

"மோந்து பாத்தீங்களா?"

"சாமிக்குப் போடற பூவ யாராச்சும் மோந்து பாப்பாங்களா?"

கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. படத்துக்கு வெகு அருகில் போய்க் கைகூப்பி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். அடடா! சாம்பிராணியையும் மீறி வந்தது அந்த வாசனை. மறுபடி இழுத்தேன். இன்னொருமுறை, விடாமல்.

"என்னா செய்றே?" என்றார்.

"கும்பிடுறேன்லா. நீங்க கண்ண மூடுங்க."