வேறு நட்சத்திரம் என்று ஒதுக்கியவை

பெரிய நட்சத்திரங்களில் சில, வேகமாகச் சுழன்று தம் பொருளையே வெளியே வீசித் தம்மைச் சுற்றி ஒரு வாயு வட்டை அமைத்துக்கொள்ளும். பல வருடம் கழித்து அது கலைந்துபோகும். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரே ஒரு நட்சத்திரத்தோடு பத்தொன்பது வருடமாக மல்லுக்கட்டுகிறேன். அதன் வட்டு கலைவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் ஓய்வுபெற வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வீடு சித்தூரில், வேலை திருப்பதிப் பல்கலைக்கழகத்தில். மாம்பழ சீசனில் கூழ் ஃபாக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும், பஸ் நகராது. இந்த வருடம் அந்த எரிச்சலோடு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் தினமும் ஒரே பதில்: பயன்படும் பதிவு இல்லை. தொலைநோக்கி இருப்பது தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மலையில். அதை இயக்குகிறவருக்குப் போன் போட்டுக் கத்துவேன்.

"நாங்க அனுப்பிக்கினுதான் கீறோம் மேடம்," என்பார்.

நான் நம்பவில்லை. மேகத்தைச் சாக்குச் சொல்லித் தூங்குகிறார் என்று அவருடைய மேலதிகாரிக்கே எழுதிப்போட்டேன்.

இப்படியே போய், ஐந்தாவது மாதத்தில் என் ஆய்வு மாணவி தயங்கியபடி வந்து நின்றாள். "மேடம், ஃபைலெல்லாம் வந்துக்கினுதான் இருந்திருக்குது. நம்ம ப்ரோக்ராமே ராங் ஸ்டார்னு தனி ஃபோல்டர்ல தள்ளிக்கீது."

அப்படித் தள்ளச் சொல்லும் நிபந்தனையை ப்ரோக்ராமில் எழுதியதே நான்தான். ஆரம்ப காலத்தில், பக்கத்து நட்சத்திரத்தின் பதிவை என்னுடையது என்று கருத்தரங்கில் காட்டி மானம் போயிற்று. வட்டு இருந்தால், நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு பளிச்சென்று மேலெழும். ஆகவே அது இல்லாத பதிவு வேறு நட்சத்திரத்தினுடையது, ஒதுக்கிவிடு என்று எழுதிவைத்தேன். வட்டு கலைந்தாலும் அந்தக் கோடு இருக்காதே என்பது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். வட்டு சுத்தமாகக் கலைந்திருந்தது. கடைசிப் பதிவுகளில் கோடு மறுபடி லேசாகத் தலைதூக்கியிருந்தது. புது வட்டு வளரத் தொடங்கிவிட்டது. உடனே தகவல் கொடுத்திருந்தால் பெரிய தொலைநோக்கிகளையெல்லாம் அதன் பக்கம் திருப்பியிருப்பார்கள். ஏன் கலைகிறது என்பதற்கு இத்தனை வருடத்தில் ஒரு பதிலாவது கிடைத்திருக்கும்.

மலையிலிருக்கும் அந்த மனிதருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு மேடம்? அடுத்த தபா புட்ச்சிக்கலாம் வுடுங்க," என்றார்.

அடுத்த தடவை வர இன்னொரு இருபது வருடம் ஆகலாம். எனக்கு மீதியிருக்கும் சர்வீஸ் இரண்டு வருடம். அதை அவரிடம் சொல்லவில்லை. "சரிங்க" என்று போனை வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.