தாய் வரவில்லை

மன்னார்புரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வருடம் எழுத்து வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ். வருகைப் பதிவேடு, கடிதங்கள், குழந்தைகளின் கோப்புகள் எல்லாம் என் பொறுப்பு. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன் என்று கண்காணிப்பாளர் அம்மா பாராட்டுவார். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அங்கே ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவளுடைய அம்மா தொட்டியம் பக்கம். புருஷன் விட்டுப் போன பிறகு சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் வேலைக்கு வந்தவர். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடக் கூடாதென்று, போர்வைகள் அடுக்கும் அறையில் படுக்கவைத்து, வெளியே தாழ் போட்டுவிட்டு மாடியில் வேலை செய்திருக்கிறார். அழுகைச் சத்தம் கேட்டு, தங்க வந்த யாரோ போன் செய்ய, அதிகாரிகள் வந்து குழந்தையை அழைத்துப் போனார்கள். தாயின் அலட்சியம் என்று கோப்பில் எழுதியிருந்தது. திருவிழா முடியும்வரை லீவே கிடையாது, குழந்தையும் கூடவே சுற்றக் கூடாது என்று சொன்ன லாட்ஜ்காரரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெற்றவர்கள் வந்து பார்க்க சனிக்கிழமை மூன்றிலிருந்து நான்கு மணி வரைதான் நேரம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காகச் சமயபுரத்தில் சனிக்கிழமை மத்தியானமே அறைகள் நிரம்பும். அந்த நேரத்தில் அவரை யார் விடுவார்கள்? புதன், வியாழன் என்று கிடைத்த நாளில் வந்தார். வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். என் மேஜை ஜன்னல் ஓரம். கொய்யாப்பழப் பையோடு அவர் நிற்பதை நான் பார்ப்பேன். அவரும் என்னைப் பார்ப்பார். பதிவேட்டில் என்ன எழுதுவது என்று முதல் தடவை கேட்டேன். நேரம் தப்பி வந்தால் வந்ததில் சேராது, வரவில்லை என்றே எழுது என்றார் கண்காணிப்பாளர். எழுதினேன். அடுத்த வாரம் நான் கேட்கவே இல்லை.

ஐந்தாவது மாதம் விசாரணை. கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். குழந்தையைத் தாயிடம் திருப்பித் தரலாமா என்று முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் பதிவேட்டை வாரம் வாரமாகப் படித்தார்: தாய் வரவில்லை, தாய் வரவில்லை. இப்படி அக்கறையில்லாதவளிடம் எதை நம்பி அனுப்புவது என்று கேட்டார்.

குழந்தையின் அம்மா அழவில்லை. என்னைக் கை காட்டினார்.

"நான் வந்தேங்க. இந்த அக்காவுக்குத் தெரியும். ஜன்னல் வழியா பார்த்தாங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வேலை போய்விடுமே என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை.

"வந்தாங்க மேடம்," என்றேன் நடுவில் இருந்தவரிடம். "பல தடவை வந்தாங்க. வரலைன்னு எழுதினது நான்தான்."

வாட்ச்மேனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆறு வாரம் கழித்துக் குழந்தையை ஒப்படைக்க உத்தரவு வந்தது. அதற்குள் அந்த அம்மா லாட்ஜை விட்டு ஒரு மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்து, ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். காப்பகத்தில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கண்காணிப்பாளரை விளக்கம்கூடக் கேட்கவில்லை.

குழந்தையை அழைத்துப் போன அன்று நானும் கூடப் போனேன். பஸ் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது குழந்தை சீட்டை விட்டு எழுந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு தன் அம்மாவிடம் கேட்டாள்: "மிஸ், தண்ணி குடிக்கலாமா?"

அவர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் வாங்கி மூடினார். பிறகு என்னிடம், "பெத்தவகிட்டயே பர்மிஷன் கேக்குது பாருங்கக்கா," என்றார். அந்தப் பழக்கம் போக ஒரு வருடம் ஆனது. அதற்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

இப்போது வீட்டில் துணி தைக்கிறேன். மற்ற நேரத்தில், இப்படிப் பிள்ளையைப் பிரிந்த அம்மாக்களோடு போய் நிற்கிறேன். திருப்பி அனுப்பினால், அனுப்பினோம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். எழுதித் தருபவர்கள் யாருமில்லை. போன மாதம் ஒரு காப்பகத்தில் எங்களைக் கேட்டை விட்டு நகரச் சொன்னார்கள். நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு அந்த அம்மாவைப் பதினைந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். பெரிய மனது பண்ணி விட்டதாக வேறு சொல்லிக்கொண்டார்கள்.