நைனா சோதிக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. கும்மிடிப்பூண்டியில் எங்கள் சர்ச்சில் தரை பெருக்கி, மணியடித்து வந்த ஏசையா. அவரும் தப்பாகத்தான் கண்டுபிடித்தார்.

எழுபதுகளின் தொடக்கம். அன்று ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனை. எல்லோரும் எழுந்து வெளியே போகும் நேரத்தில் ஏசையா நடுப்பாதையில் நின்று கத்தினார்.

"யாருப்பா ரசத்த ஊத்திக்கினே போனது? பலிபீடத்துலேர்ந்து அஞ்சாவது பெஞ்சு வரிக்கும் சொட்டிக்கினு கீது!"

சபை பதறிவிட்டது. அந்த ரசத்தில் ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் எங்களுக்கு அது பெரிய விஷயம். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து ரசம் காய்ச்சித் தருவது என் அம்மா. அதனால் எல்லார் கண்ணும் அம்மா பக்கம் திரும்பியது.

அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லைப் பக்கம்தானே, தெலுங்குப் பேச்சு ஒட்டிக்கொண்டது. விவசாய இலாகாவின் மண் பரிசோதனைக் கூடத்தில் ரசாயன விஞ்ஞானி. ஊத்துக்கோட்டையிலிருந்து ஆரணி வரை விவசாயிகளுக்கு அவர் 'மண்ணு சார்'. குனிந்து ஒரு சொட்டை விரலால் தொட்டார், முகர்ந்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ரசம் இல்ல, ரத்தம். யாருக்கோ அடிபட்டிருக்குது. அவங்கவங்க காலப் பாருங்க" என்று சபைக்கு உத்தரவு போட்டார்.

செருப்பை வாசலில் விட்டு வருகிற சபை. ஆளாளுக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தார்கள். நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் பாதிரியார்கூட அங்கியைத் தூக்கிப் பார்த்தார். நைனா மட்டும் பார்க்கவில்லை. சோதனை செய்கிறவருக்கும் கால் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் போன வழியெல்லாம் புதுச் சொட்டு விழுவதை நான்தான் பார்த்தேன்.

வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, அரை அங்குல ஆணி இறங்கியிருந்தது.

கூலிக்குக் கழனி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர் நைனா. சர்ச்சுக்கும் கழனிக்கும் செருப்போடு போகக் கூடாது என்பது அவர் சட்டம். முந்தின நாள், தொழிற்சாலைக்கு ஷெட்டு போட்டுக்கொண்டிருந்த ஒரு நிலத்தின் ஓரத்தில் மண் எடுக்கப் போயிருந்தார். அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆணியைத் தட்டில் போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு நாள் பூரா இதோட நடந்திருக்கீங்க. வலிக்கலையா?"

"இல்லீங்க. மூணு பாட்டுக்கு நின்னுகினுகூட இருந்தேன்."

சிறுநீரில் சர்க்கரை வழிந்தது. நீரிழிவு பல வருடங்களாக இருந்திருக்க வேண்டும் என்றார். உணர்ச்சி போனதற்கு நியூரோபதி என்று பெயர் (சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துப் பாதத்தை மரத்துப்போக வைப்பது). புண்ணில் சீழ் பிடித்திருந்தது.

"எட்டு வாரம் பார்க்கலாம். சர்க்கரை அடங்கினா புண் ஆறும். அடங்கலைன்னா காலை எடுக்கணும்" என்றவர், முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு காட்டினார்.

நைனா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் முட்டி போட முடியுங்களா?" என்று கேட்டார். கழனியில் உட்கார்ந்து மண்ணை அள்ளவும் முட்டி வேண்டும், சர்ச்சில் ஜெபிக்கவும் வேண்டும். டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா ஏறக்குறைய சந்தோஷமாகிவிட்டார். காரணம், சோதனைக் குழாய். அந்தக் காலத்தில் ரத்தத்தை வீட்டில் பார்க்க முடியாது. பெனடிக்ட் என்ற நீல நிறக் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. சமையலறை மேடையில் பாதி இடம் பறிபோனது. மண் மாதிரிக்கு ஒட்டும் அதே சீட்டைத் தன் சிறுநீர் பாட்டிலிலும் ஒட்டினார். இடம்: வீடு. ஆழம்: தெரியாது. பயிர்: இல்லை.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கத்தரிக்காயில் பழகினார். அம்மா அந்தக் கத்தரிக்காய்களை வீணாக்க மனமில்லாமல் குழம்பு வைத்தாள். குத்துப்பட்ட காய் எது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் சாம்பார் போதும் என்று சொல்லிவிட்டோம்.

முதல் வாரம் நீலம், நீலம், பச்சை, நீலம். திங்கட்கிழமை ஆரஞ்சு. அடுத்த வாரமும் அப்படியே. நைனா அம்மாவைக் கூப்பிட்டார்.

"புளி போட்டு டியூபத் தேச்சா ரிசல்ட்டு எப்படி சரியா வரும்?"

"மத்த நாளும் அதே புளிதாங்க போட்டுத் தேய்க்கிறேன்" என்றாள் அம்மா. ஐந்தாவது வரை படித்தவள். அந்த வீட்டில் அன்று சரியாக விஞ்ஞானம் பேசியது அவள் ஒருத்திதான்.

நாலாவது வாரம் சுண்டுவிரல் கறுத்துப்போனது. அதை எடுத்துவிட்டார்கள். அடுத்தது கால் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். ரயிலில் திரும்பி வரும்போது நைனா ஜன்னல் வழியாகக் கழனிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அழாமலிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். அவருடைய நோட்டை எடுத்து, நிறங்களை வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தேன். ஏழு நாளைக்கு ஒரு மலை. அந்த மலைக்கு முன்னால் ஒரு காலியிடம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் ஒன்றில்கூட அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் சைக்கிள் ரிக்‌ஷாவுக்குப் பின்னாலேயே போனேன். நோயாளிகள் வீட்டுக்குப் போய் ஜெபிப்பது அவர் ஊழியம். தன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மற்றவர்களுடைய சளிக்காக ஜெபித்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஆமென் சொன்னதும் பாயசம் வந்தது. மூன்றாவது வீட்டில் அதிரசமும் சேர்ந்து வந்தபோது நான் உள்ளே போனேன்.

"இன்னா நைனா இது?"

"அன்பா குடுக்கறாங்கம்மா. வேணான்னா மனசு கஷ்டப்படுவாங்க."

"சரி, ஞாயித்துக்கெழம டெஸ்டு ஏன் போடல?"

"ஓய்வு நாளும்மா. ஊசி போட்டுக்கறேன், அது சாப்பாடு மாதிரி. டெஸ்டு வேல. ஞாயித்துக்கெழம லேப் வேல செய்ய மாட்டேன்னு ஆபீஸ்ல இத்தினி வருசமா சண்ட போட்டுக்கினு கீறேன். ஊட்ல செஞ்சா நான் பொய்க்காரன் ஆயிட மாட்டேனா?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டுக்காரர்கள் நிற்பதுகூட மறந்துவிட்டது.

"கால் போயிடும் நைனா!"

"கர்த்தர் பாத்துப்பாரு."

"அவரு பாத்துக்கினுதான் கீறாரு. அதான் வாராவாரம் திங்கக்கெழம ஆரஞ்சு கலர்ல காட்றாரு!"

வரைபடத்தை அவர் மடியில் போட்டுவிட்டு அழுதேன். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மலையையும் விரலால் தொட்டார்.

"அளவெடுக்காத நாள்ல ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேம்மா" என்றார் கடைசியில். "எனக்குக் கீழ வேல செய்றவன் இப்படி ரிப்போர்ட்டு குடுத்திருந்தா கிழிச்சிப் போட்டிருப்பேன்."

பாதி அதிரசம் கையிலிருந்தது. அதை அவரே தட்டில் திருப்பி வைத்தார்.

மறு ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் நைனா எழுந்து நின்று, வரைபடத்தைத் தூக்கிப் பிடித்துச் சபை முழுவதற்கும் தன் சிறுநீரை விளக்கினார். அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். பிறகு ஐயரின் சம்மதத்தோடு சர்ச்சுக்குப் பின்புறம் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து அன்றைய சோதனையைச் செய்தார். வேடிக்கை பார்க்க நின்ற ஏசையாவுக்குப் பொறுக்க முடியவில்லை. முன்பக்கம் ஓடிவந்து, "நீலம்! நீலம்!" என்று கத்தினார். அன்றிலிருந்து ஜெபம் செய்யப் போன வீடுகளில் வெள்ளரிக்காயும் மோரும்தான். யாராவது தெரியாமல் இனிப்பை நீட்டினால், நிறம் என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

எட்டு வாரக் கெடு முடிந்தபோது புண் மூடியிருந்தது. கால் தப்பியது. அதன்பின் வந்த முதல் திருவிருந்தில் நைனா முட்டி போட்டார். எழுந்திருக்கத்தான் ஐயர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாதத்தில் உணர்ச்சி திரும்பவே இல்லை. உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் நான் சொல்லக்கூடியது இதுதான்: பாதத்தைத் தினமும் கண்ணால் பாருங்கள், வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நைனா தன் காலைப் பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். தினமும் என் மடியில் பாதத்தை வைப்பார். ஞாயிற்றுக்கிழமையும் வைப்பார். அவருடைய சவரக் கண்ணாடியைப் பிடித்து விரல் இடுக்குகளைப் பார்ப்பேன். "ரிசல்ட்டு?" என்பார். "ஒண்ணுமில்ல நைனா" என்பேன். நல்லபடியாக ஆறு வருடம் இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை மாரடைப்பில் போனார், இரண்டு காலோடு.

இப்போது எனக்கும் சர்க்கரை. அவர் வயதைத் தாண்டிவிட்டேன். என் பாதங்களும் சில மாதங்களாக மரத்துக் கிடக்கின்றன. போன ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்புமுன் அதே சவரக் கண்ணாடியைக் காலடியில் பிடித்தேன். குதிகாலில் ஒரு முள் நின்றது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. அதைப் பிடுங்கி மருந்து போட்டேன்.

பிறகு நைனாவின் பழைய நோட்டை எடுத்தேன். காலியாக விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் காலியாகவே இருந்தன. முதல் கட்டத்தில் எழுதினேன்: "முள் ஒன்று. எடுத்தாயிற்று, நைனா."