சாப்பிட வந்த சப்ளையர்

நாற்காலியில் உட்காருவதற்கு முன் அத்தான் மேசையின் மூலையை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்திப் பார்க்கிறார். ஆடினால், சட்டைப்பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்துக் காலுக்கடியில் சொருகுகிறார். ஓரத்தில் இருக்கும் தண்ணீர் டம்ளர்களை உள்ளே தள்ளி வைக்கிறார். அதன் பிறகுதான் நாங்கள் உட்காரலாம்.

என் அக்காளின் கணவர். முப்பத்தோரு வருடமாக ஒரே ஹோட்டலில் சப்ளையர். வாரத்தில் ஆறு நாள் பரிமாறிவிட்டு, ஏழாவது நாள் வேறொரு ஹோட்டலில் போய் உட்காருவார். உட்காருவாரே தவிரச் சாப்பிட மாட்டார். பக்கத்து மேசையில் யார் எவ்வளவு டிப்ஸ் வைப்பார்கள் என்று கணிப்பதிலேயே இலையிலோ தட்டிலோ இருப்பது ஆறிப்போகும்.

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான் பாரு மச்சான், அவன் வைக்க மாட்டான். சிரிச்சதே போதும்னு நெனச்சுக்குவான். பேரக் கேட்டுக் கூப்பிடுறவன் அதைவிட மோசம். இந்த உர்ருனு ஒக்காந்திருக்காரே, அவரு வைப்பாரு."

பெரும்பாலும் பலிக்கும்.

டிப்ஸ் விஷயத்தில் அவருக்கு இடம் பொருள் கிடையாது. முடிவெட்டுபவர், சிலிண்டர் தூக்கி வருபவர் எல்லோருக்கும் உண்டு. போன வருடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர், பீஸுக்கு மேல் ஒரு நோட்டை டாக்டரின் கருவித் தட்டில் வைத்துவிட்டு வந்தார். நர்ஸ் படிக்கட்டு வரை ஓடி வந்து திருப்பிக் கொடுத்தாள். "டாக்டருக்கு வேணாம்னா நீ வச்சுக்கம்மா" என்று வாயிலிருந்த பஞ்சின் வழியாகச் சொன்னார். அவளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

அக்காள் டிப்ஸ் வைக்காமல் பில் கொடுக்கும் நாட்களில் அத்தான் தெருமுனை வரை வந்துவிட்டு, "குடையை மறந்துட்டேன்" என்று திரும்பி ஓடுவார். அவர்கள் வீட்டில் குடையே கிடையாது.

"சம்பளம் முதலாளி கொடுக்கிறது. இது நம்ம மூஞ்சியப் பாத்துக் கொடுக்கிறது" என்பது அவர் கட்சி.

போன மாதம் அவர் மகள், தனக்குப் பிடித்த பையனை வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்றாள். "ஹோட்டலுக்கு வரச் சொல்லு" என்றார் அத்தான்.

"நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேம்ப்பா."

"சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் என்ன பரீட்சை?"

"வைக்கலேன்னா?"

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

எங்கள் குடும்பத்தில் 'வீட்டில் போய்ப் பேசிக்கலாம்' என்றால் பேச்சே கிடையாது என்று அர்த்தம். குறித்த நாளில் மத்தியானம் ஹோட்டலில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். பையன் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக இருந்தான். பரிமாறியவருக்கு நாற்பது வயதிருக்கும். "தொழிலுக்குப் புதுசு. தட்டைப் பிடிக்கிறதுலயே தெரியுது" என்று அத்தான் என் காதோடு சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, சூப் கிண்ணம் சரிந்து பையனின் நெஞ்சிலிருந்து வயிறு வரை வழிந்தது.

சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். "எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

"அவர் மேல தப்பில்ல சார். நான்தான் தெரியாம கையை நீட்டிட்டேன்" என்றான் பையன்.

சூப்பர்வைசர் முனகிக்கொண்டே போனார். அத்தான் என் பக்கம் சாய்ந்தார். "கை மடியில இருந்துச்சு மச்சான். நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அதற்கப்புறம் அவர் பக்கத்து மேசையைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்ததைச் சூட்டோடு சாப்பிட்டார்.

பில் வந்தது. தான்தான் கொடுப்பேன் என்று பையன் பிடிவாதம் பிடித்தான். ஈரச் சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க, மீதிச் சில்லறையைக் கடைசிக் காசு வரை வழித்துப் பையில் போட்டான். "சாப்பாடு நல்லா இருந்துச்சுண்ணே" என்று சப்ளையரிடம் சொல்லிவிட்டு எழுந்தான். மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையன் பின்னால் வாசலுக்குப் போனாள். அக்காளும் போனாள்.

"என்ன அத்தான், ஒண்ணுமே வைக்கலையே?" என்றேன்.

"சட்டை நனைஞ்சா யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்" என்றார்.

தூரத்தில் சப்ளையர் துடைக்கும் துணியோடு கிளம்புவதைப் பார்த்ததும் அத்தான் அவசரமாக ஒரு நோட்டை எடுத்தார். தன் தட்டைத் தாண்டிக் கையை எட்டி நீட்டி, பையன் சாப்பிட்ட தட்டுக்கு அடியில், ஓரம் நன்றாகத் தெரியும்படி வைத்தார்.